ஷட்டருக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

உன் வாலு எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் சதை கூடப் போட்டிருக்கிறேன். உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து குனிந்து லென்ஸ் தேய்த்தால் கழுத்து என்ன செய்யும், பாவம். மாமாவுக்கு முட்டிவலி தேவலையா? ஒருவருக்கு மேலே வலி, ஒருவருக்குக் கீழே வலி. நடுவில் இருப்பதையாவது இரண்டு பேரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். வீட்டில் போன் பேசினால் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ பத்து கேள்வி கேட்டால் நான் பத்து "ம்" போடுகிறேன். வேலை செய்யும் இடத்திலோ போனே கூடாது. ஆமாம், எனக்கு வேலை கிடைத்திருக்கிறது! அண்ணிதான் கொடுத்தார்.

என் வீட்டுக்காரரின் அக்காவான அவர் பெரிய டிசைனர் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அண்ணி வரைகிற உடைகளைத்தான் அடுத்த தெருவில் இருக்கிற தையல் கூடத்தில் என் வீட்டுக்காரர் ஆள் வைத்துத் தைத்துக் கொடுக்கிறார். இப்போது அண்ணி சொந்தமாகக் கடை திறக்கப்போகிறார். போன வாரம் என்னைக் கூட்டிப் போய் நடுவில் நிறுத்தி, "நீ பத்து வருஷம் நாடகத்துக்கு செட் போட்டவதானே? கடைக்குள்ள கால் வச்சா நாடகத்துக்குள்ள கால் வச்ச மாதிரி இருக்கணும். மூணு மாசம் தரேன். செஞ்சு காட்டு" என்றார்.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றை என்னிடம் யாராவது கேட்டது இதுதான் முதல் தடவை. அழுகையே வந்துவிட்டது, தும்மலாக மாற்றிச் சமாளித்தேன்.

முன்பு டைல்ஸ் குடோனாக இருந்த இடம். ரயில் பெட்டி மாதிரி நீளம், நல்ல உயரம், ஜன்னல் கிடையாது. நட்ட நடுவில் ஒரு தூண், வழிவிடாமல் நிற்கிற ஆள் மாதிரி. வருகிறவர்கள் முதலில் மேடையின் பின்பக்கத்துக்குள் நுழைவது போல யோசித்திருக்கிறேன். கயிறு, தட்டிகளின் முதுகு, ஒப்பனைக் கண்ணாடி, அதைச் சுற்றி பல்புகள். அதைத் தாண்டினால் திடீரென்று வெளிச்சம், மேடை, உடைகள்.

இன்னொன்று. கப்பல் நாடகத்தை எடுத்தால் செட் போட எனக்கு எழுதுவதாக எங்கள் நாடகக் குழுவின் இயக்குநர் அம்மா சொல்லியிருந்தார். அவருக்கு போனும் ஆகாது, மெயிலும் ஆகாது, தபால்தான். உன் வீட்டு முகவரியைத்தான் கொடுத்தேன். ஏதாவது வந்ததா?

மாமாவிடம் விசாரித்ததாகச் சொல்.

உன் வாலு

-

பிப்ரவரி 16

என் செல்ல வாலுவுக்கு,

உன் கடிதத்தை நான் ஒரு தரம், மாமா ஒரு தரம், பிறகு நான் சத்தமாக ஒரு தரம் என்று மூன்று முறை படித்தாகிவிட்டது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். கழுத்துக்கு ஒரு பட்டை மாட்டிவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு அந்தப் பட்டையிடம் பேசுகிறார்கள். மாமாவின் முட்டி மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, ரேடியோவே வேண்டாம்.

அண்ணி உன்னை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்தது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அந்த வீட்டில் உனக்கு ஒரு இடம் கிடைக்குமா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இனி கவலையில்லை. அவர் சொல்வதைக் கேட்டு நட. உன் வாயைக் கொஞ்சம் மூடி வை. எனக்குத் தெரியாதா உன்னை.

தூணை மறைக்கப் பார்க்காதே. பாவம், கட்டடம் அதன் தலையில்தான் நிற்கிறது. ஏணியில் மட்டும் ஏறாதே. திரைச்சீலை வரையும்போது விழுந்து இடுப்பில் தகடு வைத்துக்கொண்டு மூன்று மாதம் என் வீட்டுக் கட்டிலில் கிடந்தாயே, அது உனக்கு மறந்திருக்கலாம். உன்னைத் திருப்பிப் படுக்க வைத்த என் கைக்கு மறக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் அக்கா

-

மார்ச் 10

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். தலைமுடியில் பெயின்ட், நகத்தில் பெவிகால். உன் கழுத்துப்பட்டை கழன்றதா?

உன் யோசனைப்படி தூணை மறைக்கவில்லை. அதைச் சுற்றியே உடை மாற்றும் அறைகளை வைத்துவிட்டேன், மூன்று அறை. ஒவ்வொன்றும் ஒரு அடி உயரச் சின்ன மேடைக்குத் திறக்கும். எதிரே சிவப்பு நாற்காலிகள். கூட வந்த தங்கையோ அம்மாவோ சினேகிதியோ அங்கே உட்கார்ந்திருப்பார்கள். உடையைப் போட்டுக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தால் அந்த நிமிஷம் அவள்தான் கதாநாயகி. அண்ணி ஏற்கெனவே மேடையை இரண்டு முறை இடிக்கச் சொல்லிவிட்டார், மூன்றாவது தடவை கட்டுகிறோம். கார்ப்பென்டர் எதற்கும் "சரிதான்" என்று மட்டும் சொல்கிறவர். அதனால் அவருக்கு சரிதான் அண்ணன் என்றே பெயர் வைத்துவிட்டேன். இடிக்கச் சொன்னாலும் சரிதான், கட்டச் சொன்னாலும் சரிதான்.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. நுழைவாயிலுக்குச் சாக்குத்துணியில் வண்ணம் பூசி வெல்வெட் மாதிரி செய்திருந்தேன். அசல் வெல்வெட் தோற்றுப்போகும். அண்ணி வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், சாயம் வெளுத்தது. மேடையை இருபது அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பார்கள். இங்கே தொடுவார்கள். இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை?

விளக்கில்தான் சண்டை. மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே பள்ளம் தோண்டும். அதனால் முகத்துக்கு எதிரே, தாழ்வாக, லேசான மஞ்சளில் விளக்கு வைத்தேன். அது அண்ணிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உடை மாற்றும் அறைக்குள்ளும் அதே மஞ்சள்தான் வேண்டும் என்கிறார். "அண்ணி, இந்த வெளிச்சத்துல நீலம் பச்சையாத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தா திட்டுவாங்க. உள்ள மட்டும் வெள்ளை விளக்கு இருக்கட்டும்" என்றேன். "திட்டட்டும். திட்டறதுக்காகத் திரும்பி வந்தா இன்னொண்ணு வாங்கிட்டுப் போவாங்க" என்றார். நான் மாட்டிய வெள்ளை பல்பை அவரே கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அண்ணி வெளியே போகும்போது ஷட்டரை இழுத்து வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போகிறார். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதாம். பின்பக்கம் ஒரு கதவு இருந்தது, அதன் மேல் தட்டி அடித்தாகிவிட்டது. கதவு தெரிந்தால் நாடகம் கலைந்துவிடுமாம். எனக்கும் வேலையில் மூழ்கினால் ஒன்றும் தெரிவதில்லை. சாயங்காலம் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்கும்போதுதான் ஓ, வெளியே ஒரு ஊர் இருக்கிறதே என்று தோன்றும்.

நீ அதைப்பற்றி எழுதவே இல்லை. இயக்குநர் அம்மாவிடமிருந்து ஏதாவது?

வாலு

-

ஏப்ரல் 2

வாலுக்குட்டிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கடையில் ஸ்டாக் எடுத்தார்கள், பிறகு மாமாவுக்கு ஜலதோஷம், பிறகு எனக்கு. இப்போது பரவாயில்லை.

நீ கேட்டது ஒன்றும் வரவில்லை. கரண்ட் பில் வந்தது, பல் டாக்டரிடமிருந்து ஒரு நினைவூட்டல் வந்தது, அவ்வளவுதான். எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வேறு மாறிவிட்டார். புது ஆள் எதை எங்கே போடுகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டிலும் இதே புகார்தான். நானும் தினமும் பெட்டியைப் பார்க்கத்தான் செய்கிறேன்.

விளக்கு விஷயத்தில் அண்ணி சொன்னபடியே வைத்துவிடு. கடை அவருடையது.

பூட்டிக்கொண்டு போவது உன் பாதுகாப்புக்காகவும் இருக்கும்.

அக்கா

-

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

ஜலதோஷம் விட்டதா? எனக்குக் கண் எரிச்சல் மட்டும் இருக்கிறது, பாலிஷ் வாடையால். வேறொன்றுமில்லை.

முந்தாநாள் ஒரு பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அண்ணி அவளைக் கைப்பிடித்து அழைத்துப்போய்க் கயிறு, கண்ணாடி, சின்ன மேடை எல்லாம் காட்டினார். அவள் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பிளந்துவிட்டாள். "இந்த யோசனை எப்படி வந்தது மேடம்?" என்று கேட்டாள். "சின்ன வயசிலேர்ந்தே எனக்கு மேடைன்னா பைத்தியம். மனசுல ஓடிக்கிட்டே இருந்தது" என்றார் அண்ணி. நான் பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்றிருந்தேன். "இவங்க?" என்றாள். "எங்க வீட்டுப் பொண்ணு. பொழுது போகலைன்னு கூடமாட ஒத்தாசைக்கு வருவா."

என் வரைபடங்களின் மூலையில் சின்னதாகப் பெயர் எழுதுவேன் இல்லையா, அதெல்லாம் வழித்து எடுக்கப்பட்டிருக்கிறது. பிளேடால். ரொம்பச் சுத்தமான வேலை.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "குடும்பத்துக்குள்ள பேர் என்ன, ஊர் என்ன? அக்கா மனசுல எதையும் வச்சுக்க மாட்டா" என்றார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. தன் அக்கா ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் அவருக்கு யோசிக்கவே தெரியாது. அப்படியே வளர்த்திருக்கிறார்கள். மூன்று மாதக் கெடுவை அண்ணி இப்போது ஆறாக்கிவிட்டார். வீட்டில் எழுந்து, அங்கிருந்து காரில் ஏறி, ஷட்டருக்குள் இறங்கி, மறுபடி காரில் ஏறி வீடு. நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். இந்தக் கடிதங்களைக்கூட சரிதான் அண்ணன்தான் போட்டுவிட்டு வருகிறார்.

இயக்குநர் அம்மாவுக்கு நானே எழுதிக் கேட்கலாமா என்று பார்க்கிறேன். கெஞ்சுவது போல இருக்குமோ? இடுப்பில் தகடு வைத்தவள் வேண்டாம் என்று அவர்களே விட்டிருப்பார்களோ? நீ என்ன நினைக்கிறாய்? நீ சொன்னால் கேட்கிறேன்.

வாலு

-

ஏப்ரல் 24

வாலு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது, கடைக்குப் போகுமுன் அவசரமாக எழுதுகிறேன். நீ எழுதாதே. அவர்கள் இந்நேரம் வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள். நீயாகப் போய்க் கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் உனக்குத்தான் மனக்கஷ்டம். அப்படியே கூப்பிட்டாலும் பதினொரு மாதம் ஊர் ஊராக அலைய வேண்டும். மாப்பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவாய்? இருக்கிற இடத்தில் கொஞ்சம் அனுசரித்துப் போ. பெயர் வராவிட்டால் என்ன, வேலை உன்னுடையது என்று உனக்குத் தெரியுமே.

கண்ணுக்குக் குளிர்ந்த தண்ணீரில் ஒத்தடம் கொடு. மாமா விசாரித்தார்.

அக்கா

-

மே 14

அக்கா,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படித்துவிட்டு பயப்படாதே.

போன வியாழக்கிழமை மத்தியானம். சரிதான் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். அண்ணி போட்டோ எடுக்கிற இடத்துக்குப் போயிருந்தார். வழக்கம்போல ஷட்டர் பூட்டியிருந்தது. நான் மேடைப் பலகைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. வாடையை வெளியே தள்ளுகிற ஒரே ஃபேனும் நின்றது. ஜன்னல் இல்லாத இடம் என்றேன் இல்லையா, உள்ளங்கை தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் தொண்டை அடைத்தது. ஷட்டர் வரைக்கும் தடவிக்கொண்டே போனேன். நான் வைத்த கயிறு, நான் வைத்த தட்டி எல்லாம் என் காலையே வாரியது. போய்ச் சேர்ந்து ஷட்டரைத் தட்டினேன். தரையில் படுத்து அடியில் இருக்கிற விரல்கடை இடைவெளியில் மூக்கை வைத்துக்கொண்டேன். சாவி அண்ணியிடம் இருக்கும்போது வெளியே யார் நின்றால்தான் என்ன செய்ய முடியும்? ஒன்றரை மணி நேரம் கழித்து அண்ணி வந்து திறந்தார்.

"அட, கரண்ட் போயிடுச்சா?" என்றார். பிறகு பலகையைப் பார்த்துவிட்டு, "வார்னிஷ்ல கால் தடம் பதிஞ்சிருக்கே" என்றார்.

இரண்டு நாள் வாந்தி, இப்போது சரியாகிவிட்டது. நேற்றிலிருந்து மறுபடி வேலைக்குப் போகிறேன். இப்போதும் பூட்டுகிறார்கள். மறந்துபோய்ச் செய்வதில்லை அக்கா, அதுதான் பழக்கம்.

ஒன்று கேட்கட்டுமா? பதினொரு மாதம் என்று எழுதியிருந்தாய். எத்தனை மாதம் என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லை. எனக்கே தெரியாது.

வாலு

-

மே 22

என் வாலுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

நீ கேட்ட கடிதம் வந்தது. பிப்ரவரி 9ஆம் தேதியே வந்துவிட்டது. உன் முதல் கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதற்கு ஒரு வாரம் முன்பு. பிரித்தேன். பன்னிரண்டு ஊர், பதினொரு மாதம், மேடை முழுக்க ஒரு கப்பலின் அடித்தளம் வேண்டும், அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை என்று எழுதியிருந்தார்கள். மார்ச் முதல் தேதிக்குள் பதில் வேண்டும் என்றும்.

பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்தேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பிறகு நானே பதில் எழுதினேன், நீ எழுதுவது போல. திருமணமாகிவிட்டது, இனி நாடக வேலைக்கு வருவதாக இல்லை, மன்னிக்கவும் என்று. கீழே உன் கையெழுத்தைப் போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். சம்பந்தம் பேச வந்த அன்று அண்ணி என்னைத் தனியாக அழைத்து, "பொண்ணு நாடகம் நாடகம்னு கிளம்பிடாதே?" என்று கேட்டார். "அதெல்லாம் விட்டுட்டா, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் சொன்னேன். உன்னைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. நீ கட்டிலில் கிடந்த மூன்று மாதமும், இது எழுந்து நடக்கட்டும், ஒரு வீட்டில் ஒழுங்காக இருக்கட்டும், வேறெதுவும் வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கப்பலும் இருபது அடி உயரம் என்று எழுதியிருந்தார்கள். ஏணிதானே என் கண்ணில் தெரியும்?

உன் கடிதத்தைப் படித்ததும் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய் முட்டிவலியோடு மாடிப்படி ஏறினார். மூன்று நாளாக மேலேயேதான் இருக்கிறார்.

அவர்கள் அனுப்பியதை இதோடு வைத்திருக்கிறேன். நான் எழுதியதற்கு என்னிடம் நகல் இல்லை. நீ கிளம்பி இங்கே வந்துவிடு. வண்டி வைத்து மாமா வருவார். இல்லை, நானே வருகிறேன். என்ன செய்யட்டும், சொல்.

அக்கா

-

ஜூன் 20

வாலு,

ஒரு மாதமாகிறது. நான்கு தடவை போன் செய்தேன். மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "வேலையா இருக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறார். குரல் சரியாக இல்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதீர்கள்.

நேற்று கடைத் திறப்புக்கு அழைப்பிதழ் வந்தது. வழவழப்பான கறுப்பு அட்டை. அண்ணியின் பெயர் மட்டும் தங்க எழுத்தில். உள் வடிவமைப்பு என்று போட்டு அதற்கு நேராகவும் அவர் பெயரே. உன் பெயர் இருக்கிறதா என்று கண்ணாடிக் கடை பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினேன்.

ஜூலை 5ஆம் தேதி மாமாவும் நானும் வருகிறோம். நீ என்னைப் பார்க்க விரும்பாவிட்டால் ஒரு ஓரமாக நின்று உன்னைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

அக்கா

-

ஜூலை 9

வாலு,

இந்தக் கடிதத்தை நாடகக் குழுவின் முகவரிக்கு அனுப்புகிறேன். நீ அங்கே இருக்கிறாயா என்று தெரியாது.

போனோம். வாசலில் ஏகக் கூட்டம். அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு உடம்பு முடியலை, வீட்டுல படுத்திருக்கா, தொந்தரவு பண்ண வேண்டாம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டத்தோடு உள்ளே தள்ளப்பட்டேன். கயிறுகளுக்கும் தட்டிகளுக்கும் நடுவே நடந்தபோது, பார்க்கக் கூடாத இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தயங்கினேன். திரும்பியதும் அந்த வெளிச்சம். சிவப்பு நாற்காலியில் மாமாவை உட்கார வைத்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி, குண்டாக, கூச்சத்தோடு திரையை விலக்கி வந்தாள். அந்த மஞ்சளில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கூட வந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள். அவள் முதலில் சிரித்தாள், பிறகு முதுகை நிமிர்த்தி நின்றாள். அவ்வளவு நேராக அவள் எந்தக் காலத்திலும் நின்றிருக்க மாட்டாள். உன் வேலை இது என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தாமல் எழுந்துபோய் அறைக்குள் எட்டிப் பார்த்தேன், வெள்ளை பல்பு எரிந்தது.

வெளியே வந்தபோது ஒருவர் ஓரமாக நின்று கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "நீங்க வாலுவோட அக்காவா? கடுதாசி எல்லாம் நான்தான் போட்டேன்" என்றார். நீ எங்கே என்று கேட்டேன். "அவங்க போய்ப் பன்னெண்டு நாள் ஆச்சே. உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போனது சரிதான்மா" என்றார்.

நீ எனக்குச் சொல்லாமல் போகும்படி நான்தானே செய்துகொண்டேன். எங்கே இருந்தாலும் ஒரு வரி போடு. நாடகம் எந்த ஊரில் என்றாலும் நான் வருகிறேன். வரலாமா?

அக்கா

-

ஆகஸ்ட் 18

அக்காவுக்கு,

நீ எழுதிய மூன்றும் கையில் இருக்கின்றன. உட்கார்ந்து பதில் எழுத இவ்வளவு நாள் பிடித்தது.

மே மாதம் உனக்கு எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். நான் ஷட்டரைத் தட்டியபோது வெளியே ஆள் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தார். தையல் கூடத்திலிருந்து உடைகளைக் கொண்டுவந்தவர் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார். இடைவெளியில் அவருடைய செருப்பு தெரிந்தது. "மூச்சு முட்டுது, திறங்க" என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ, அக்காவுக்கு போன் பண்ணிட்டேன், வந்துட்டே இருக்கா" என்றார். ஒன்றரை மணி நேரமும் அங்கேயே தரையில் உட்கார்ந்து எனக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அழுதார்கூட. பூட்டை உடைக்கவில்லையே என்று அன்றைக்கு லேசாகத் தோன்றியது. அதற்குமேல் யோசிக்க எனக்குப் பயமாக இருந்தது.

உன் மே மாதக் கடிதம் வந்தபோது மேடையில் உட்கார்ந்து படித்தேன். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன்.

"அன்னிக்கு உங்ககிட்ட சாவி இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார்.

"அப்புறம்?"

"அக்காதான் சொன்னா, தான் வராம திறக்கக் கூடாதுன்னு. ரோட்டுல போறவங்க உள்ள பார்த்துடுவாங்கன்னு."

சட்டைப்பையில் சாவி. அதை வைத்துக்கொண்டுதான் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. என்மேல் பிரியம் இல்லாதவரும் இல்லை. ஒரே நாளில் இரண்டு பேரைப் பற்றி இதையே நினைக்க வேண்டியிருந்தது.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போக எனக்குக் கை வரவில்லை. ஒரு மாதம் இருந்து முடித்தேன். விளக்குகளைச் சரி செய்தேன், கடைசி நாள் மூன்று அறையிலும் வெள்ளை பல்பை மாட்டினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஷட்டர் திறந்திருந்தபோது, பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே கிளம்பினேன். அண்ணி குறுக்கே நின்றார்.

"திறப்பு விழாவுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. எங்க போற?"

"வேலைக்கு அண்ணி."

"வேலை இங்கதானே இருக்கு?"

"இது முடிஞ்சிடுச்சு."

கையை நீட்டிப் பையைப் பிடித்தார். தெருவில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். உடனே விட்டுவிட்டார். பார்க்கிற ஆள் இருந்தால் அண்ணி வேறு மாதிரி.

இயக்குநர் அம்மாவிடம் நேரே போய் நின்றேன். கப்பலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் நல்ல வேலைக்காரர்தான், ஆனால் நான் போட்டிருந்தால் வேறு மாதிரி போட்டிருப்பேன். அவருக்குக் கீழே வண்ணம் அடிக்கிறேன். ஏணியில் ஏறுகிறேன். அம்மா ஒரு கோப்பைத் திறந்து நீ எழுதியதை எடுத்துக் காட்டினார்கள். என் கையெழுத்து அச்சு அசலாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் கோட்டை விட்டபோதெல்லாம் எனக்காக நம் அம்மாவின் கையெழுத்தைப் போட்டுக் காப்பாற்றினாயே, அதே கை. சிரிப்பு வந்தது. பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஒத்திகைக் கூடத்தில் யாராவது கதவைச் சாத்தினால் எழுந்துபோய்த் திறந்து வைக்கிறேன். எல்லோரும் கேலி செய்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன், மறுபடி போய்த் திறக்கிறேன். அவர் வாராவாரம் எழுதுகிறார். தானும் வந்துவிடட்டுமா என்று கேட்கிறார். உங்கள் அக்காவிடம் கேட்டாயிற்றா என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

வரலாமா என்று கேட்டிருந்தாய். வராதே. முன்வரிசையில் நீ உட்கார்ந்திருப்பாய் என்று தெரிந்தால் எனக்கு ஏணியில் கால் நடுங்கும். மாமா இன்னும் மாடியிலேயே படுக்கிறார் என்றால் இறங்கி வரச் சொல், இதில் அவர் முட்டி வலிக்க வேண்டியதில்லை.

கடிதம் எழுது. பதில் போடுவேனா தெரியாது. உறை ஒட்டியபடியே என் கைக்கு வருகிறது, நானே பிரித்துப் படிக்கிறேன்.

வாலு